பெயரை மாற்றினால் பாட்டு மாறுமா?

பழைய சிடிகளைக் கணினிக்கு மாற்றி வைப்பவர்களுக்கு இரண்டு வேலைகள். தட்டில் இருப்பதைப் பிசிறில்லாமல் எடுப்பது ஒன்று. எடுத்ததற்கு ஒழுங்காகப் பெயர் எழுதுவது மற்றொன்று. முதலாவதைப் பெரும்பாலும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதில்தான் மனிதர்கள் மாதக்கணக்கில் மூழ்கிப்போகிறார்கள். 'டிராக் 01' என்று கிடப்பதைப் பாட்டின் பெயராக மாற்ற வேண்டும். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், ஆண்டு, அட்டைப்படம் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். இளையராஜாவின் பெயருக்கே ஆங்கில எழுத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன. அத்தனையையும் ஒன்றாக்காவிட்டால் பிளேயரில் அவர் நாலைந்து பேராகத்தான் தெரிவார்.

எல்லாம் திருத்தி முடித்த பிறகு ஒரு சந்தேகம் கிளம்பும். ரிப் செய்த, அதாவது தட்டிலிருந்து எடுத்த அன்று 'பிழை இல்லை' என்று மென்பொருள் சொன்ன கோப்பில் இன்று இவ்வளவு கை வைத்திருக்கிறோமே, அந்தச் சான்று இன்னும் செல்லுமா?

பாட்டுக்குச் செல்லும், கோப்புக்குச் செல்லாது. பாட்டைச் சரிபார்க்கும் கருவிகள் வேறு, கோப்பைச் சரிபார்க்கும் கருவிகள் வேறு. எது எதைப் பார்க்கிறது என்று தெரியாததால்தான் பலரும் தேவையில்லாத இடத்தில் பதறுகிறார்கள், பதற வேண்டிய இடத்தில் நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஆடியோ சிடியில் ஒலி, விநாடிக்கு 44,100 சாம்பிள்களாகப் பதிந்திருக்கிறது. இடது, வலது இரண்டுக்கும் 16 பிட் வீதம் ஒரு சாம்பிளுக்கு 4 பைட். நான்கு நிமிடப் பாட்டு என்றால் 1,05,84,000 சாம்பிள்கள், 4 கோடியே 23 லட்சத்துச் சொச்சம் பைட்டுகள். இதில் பாட்டின் பெயருக்கு இடமே இல்லை. 1996இல் வந்த சிடி-டெக்ஸ்ட் வசதி உள்ள தட்டுகளில் பெயர் இருக்கும்; பழைய தட்டுகளில் அதை எதிர்பார்க்க முடியாது. ரிப் செய்யும்போது திரையில் தானாகப் பெயர்கள் வருகின்றனவே என்றால், அவை இணையத்திலிருந்து வருபவை. தட்டில் எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்பதை வைத்து மியூசிக்பிரைன்ஸ் போன்ற தரவுத்தளத்தில் தேடி, யாரோ எப்போதோ தட்டச்சு செய்ததை மென்பொருள் எடுத்துத் தருகிறது. எழுத்துப் பிழைகளும் அந்த வழியாகத்தான் நம் கணினிக்குக் குடிவருகின்றன. ஆகவே டேக், அதாவது கோப்பில் எழுதும் இந்தப் பெயர் விவரம், ஆரம்பம் முதலே சிடியின் பகுதி அல்ல.

அது கோப்பில் எங்கே உட்கார்கிறது? ஒலி இழப்பில்லாமல் சேமிக்கப் பலரும் பயன்படுத்தும் ஃப்ளாக் கோப்பைத் திறந்து பார்ப்போம். முதல் நான்கு பைட், 'இது ஃப்ளாக் கோப்பு' என்ற முத்திரை. அதையடுத்து 34 பைட் நீளத்தில் ஒரு தகவல் கட்டம். சாம்பிள் வேகம், பிட் அளவு, மொத்த சாம்பிள்கள் ஆகியவற்றோடு, அதன் கடைசி 16 பைட்டில் ஓர் எம்டி5 கையெழுத்து இருக்கும். சுருக்குவதற்கு முந்தைய சாம்பிள்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. பெயர்கள் எழுதிய டேக் கட்டம், அட்டைப்படம், பிற்பாடு பயன்படட்டும் என்று விட்டுவைத்த வெற்றிடம் ஆகியவை அதற்குப் பின்னால் வரும். வெற்றிடம் வழக்கமாக 8,192 பைட். இவ்வளவுக்கும் பிறகுதான் பாட்டு.

இப்போது ஆங்கிலத்தில் இருக்கும் இசையமைப்பாளர் பெயரை 'இளையராஜா' என்று தமிழில் மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் 11 எழுத்து, 11 பைட். ஃப்ளாக் டேக்குகள் யூடிஎஃப்-8 முறையில் எழுதப்படுகின்றன. அதில் உயிர், அகரமேறிய மெய், துணைக்குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'இளையராஜா'வில் அப்படி எட்டுக் குறிகள், ஆக 24 பைட். கூடுதலாகத் தேவைப்படும் 13 பைட்டை மென்பொருள் வெற்றிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வெற்றிடம் அந்த அளவு சுருங்கும். பாட்டு தொடங்கும் இடம் ஒரு பைட்கூட நகராது. எம்டி5 கையெழுத்து சாம்பிள்களுக்கு உரியது என்பதால் அதுவும் அப்படியே இருக்கும். ஃப்ளாக்கின் சோதனை வசதியை ஓட்டினால், சுருக்கியதை விரித்து, எண்ணைப் புதிதாகக் கணக்கிட்டு, உள்ளே இருப்பதோடு ஒப்பிட்டு 'சரி' என்றுதான் சொல்லும். டேக்கை ஆயிரம் முறை திருத்தினாலும் இதே பதில்தான்.

ஆனால் அதே கோப்பு முழுவதற்கும் ஷா-256 ஹாஷ் என்ற சரிபார்ப்பு எண்ணை எடுத்து வைத்திருந்தீர்கள் என்றால் கதை வேறு. இந்த முறைக்குப் பாட்டு, டேக் என்ற பாகுபாடு தெரியாது. ஒரு பைட் மாறினாலும் எண் முழுவதும் தலைகீழாக மாறிவிடும். பேக்கப் மென்பொருள் அதைப் புதுக் கோப்பாக நினைத்து மறுபடி ஏற்றும். டோரன்டில் பகிர்ந்துகொண்டிருந்த கோப்பில் டேக்கைத் தொட்டால் அந்தத் துண்டு செல்லாது என்று நிராகரிக்கப்படும். நாமாகத் திருத்தாதபோதும் இது நடக்கலாம். நட்சத்திர மதிப்பீட்டையும் எத்தனை முறை கேட்டோம் என்ற எண்ணிக்கையையும் கேட்காமலே கோப்பில் எழுதிவைக்கும் பிளேயர்கள் உண்டு. அமெரிக்காவில் மேடைக் கச்சேரிப் பதிவுகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ரசிகர்கள் இந்தத் தொல்லையை வெகுநாள் முன்பே சந்தித்தவர்கள். அதனால் கோப்பின் ஹாஷை விட்டுவிட்டு, ஃப்ளாக்கின் உள்ளே இருக்கும் அந்த ஒலிக் கையெழுத்தை மட்டும் ஒரு சின்ன உரைக்கோப்பில் எழுதிப் பதிவோடு சேர்த்து அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். வாங்கியவர் டேக்கை எப்படி மாற்றிக்கொண்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

எம்டி5 பொருந்துவதால் தெரிவது ஒன்றுதான்: கோப்பாக்கிய பிறகு ஒலி மாறவில்லை. தட்டிலிருந்து எடுக்கும்போதே கீறலால் தவறாகப் படித்திருந்தால், அந்தத் தவறுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து. தட்டிலிருந்து சரியாக எடுத்தோமா என்பதைச் சொல்ல வேறொன்று வேண்டும். அதற்குத்தான் அக்யூரேட்ரிப். பிரிட்டனைச் சேர்ந்த இல்லஸ்ட்ரேட் நிறுவனம் நடத்தும் தரவுத்தளம் அது. டிபிபவர்ஆம்ப், எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள்கள் அதோடு பேசும். யோசனை எளிமையானது. ஒரே சிடியை வேறுவேறு ஊரில், வேறுவேறு டிரைவில் எடுத்தவர்களுக்கு ஒரே எண் வந்திருக்கிறது. உங்களுக்கும் அதே எண் வந்தால் உங்கள் ரிப் சரி. எத்தனை பேரோடு பொருந்துகிறது என்பதையும் அறிக்கை சொல்லும்.

அந்த எண்ணைக் கணக்கிடும் விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சாம்பிளையும் அது பாட்டில் எத்தனையாவது என்ற வரிசை எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். மதிப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது, இடமும் சரியாக இருக்க வேண்டும். சிடி டிரைவுகளோ மாடலுக்கு மாடல் 6, 30, 667 சாம்பிள் என்று சற்றுத் தள்ளிப் படிப்பவை. அந்த விலகலைச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. பல டிரைவுகளால் தட்டின் விளிம்பு வரை படிக்க முடியாது என்பதால், முதல் பாட்டின் தொடக்கத்திலும் கடைசிப் பாட்டின் முடிவிலும் ஏறத்தாழ விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு கணக்கில் சேர்வதில்லை. முதல் வடிவத்தின் கணக்கில் ஒரு சிறு ஓட்டை இருந்தது. இரண்டாம் வடிவத்தில் அதை அடைத்தார்கள். இவ்வளவு நுணுக்கத்தில் எங்காவது படத்தின் பெயரோ பாடகர் பெயரோ வருகிறதா என்றால் இல்லை. பெயரே தெரியாமல்தான் அக்யூரேட்ரிப் தட்டை அடையாளம் காண்கிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் டேக் மாட்டிக்கொள்கிறது.

ரிப் செய்யும் நேரத்தில் தட்டு டிரைவில் இருக்கிறது. பாட்டுகளின் வரிசையை மென்பொருள் தட்டிலிருந்தே படித்துவிடும். மூன்று வருஷம் கழித்து, தட்டு கைவசம் இல்லாமல், கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு கியூடூல்ஸ் போன்ற கருவியில் சரிபார்க்க உட்கார்ந்தால்? கருவி தட்டின் அட்டவணையைத் தானே கட்டியெழுப்ப வேண்டும். முதல் கோப்பின் நீளத்தை எடுத்து, அதோடு இரண்டாவதைக் கூட்டி, மூன்றாவதைக் கூட்டி என்று போகும். எது முதல், எது இரண்டாவது என்பதை எதை வைத்து முடிவு செய்யும்? கோப்புப் பெயரை வைத்து, இல்லையென்றால் டேக்கில் உள்ள பாட்டு எண்ணை வைத்து. வரிசை பிசகினால் யாரிடமும் இல்லாத ஒரு தட்டைக் கட்டிக்கொண்டு தரவுத்தளத்தில் போய்த் தேடும். 'இந்தத் தட்டு இல்லை' என்று பதில் வரும்.

தமிழ் சினிமா சிடி வைத்திருப்பவர்கள் இந்தக் குழியில் விழுவது மற்றவர்களைவிட எளிது. இரண்டு மூன்று படங்களின் பாட்டை ஒரே தட்டில் போட்டு விற்பது இங்கே சர்வசாதாரணமாக இருந்தது. 11 பாட்டுள்ள தட்டில் முதல் ஆறு ஒரு படம், அடுத்த ஐந்து இன்னொரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கு விரும்பும் எவரும் முதலில் செய்வது, படத்துக்கு ஒரு கோப்புறை போட்டுப் பிரிப்பது. இரண்டாவது படத்தின் பாட்டுகளுக்கு 7, 8, 9 என்று இருந்த எண்ணை 1, 2, 3 என்று மாற்றுவார்கள். பிளேயரில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு கோப்புறையைக் கொடுத்தால் ஆறு பாட்டுள்ள தட்டாகவும், மற்றதைக் கொடுத்தால் ஐந்து பாட்டுள்ள தட்டாகவும் கருவி நினைக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 1, 1, 2, 2 என்று பின்னிப்போகும். ஒரு சாம்பிள்கூடக் கெடவில்லை, எம்டி5 சோதனையும் தேறுகிறது. இருந்தும் அக்யூரேட்ரிப்புக்கு அந்தத் தட்டு அடையாளம் தெரியாது. பிடிக்காத பாட்டை அழித்துவிட்டாலும் இதே கதிதான். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் கோப்புக்குப் பெயர் வைத்தால், 1, 10, 11, 2 என்று அடுக்கும் மென்பொருளிடமும் இதே கதிதான்.

பழைய வரிசையில் அடுக்கி, எண்களைத் திருப்பிப் போட்டால் எல்லாம் மீண்டுவிடும். ஆனால் பழைய வரிசை எது என்பது நினைவிருக்க வேண்டும். சில ரிப் மென்பொருள்கள் தட்டின் அட்டவணையையே ஒரு டேக்காக எழுதிவைக்கின்றன. புரியாத எண்ணாக இருக்கிறதே என்று 'தேவையற்ற டேக்'குகளோடு அதையும் துடைத்தெறிபவர்கள் உண்டு. டேக்கில் அழிக்கக் கூடாதது என்று ஒன்று இருந்தால் அதுதான்.

இன்னொரு டேக்கை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. 'அக்யூரேட்ரிப் சோதனையில் தேறியது' என்று ரிப் முடிந்ததும் மென்பொருள் கோப்பில் எழுதிவைக்கும் குறிப்பு அது. அன்றைய நிலவரத்துக்கு அது உண்மை. கடையில் நிறுத்து ஒட்டிய சீட்டு, வழியில் ரெண்டு தக்காளி உருண்டு போனாலும் ஒரு கிலோ என்றுதான் சொல்லும். கோப்பை எம்பி3ஆக மாற்றும்போது டேக்குகளும் கூடவே போகும் என்பதால், சான்றும் சேர்ந்து போய்விடும். எம்பி3ஆக்கும்போது சாம்பிள்கள் மாறிவிடுவதால் அதை அக்யூரேட்ரிப்பில் சரிபார்க்கவே முடியாது. ஆனாலும் சான்று மட்டும் அதன் நெற்றியில் ஒட்டியிருக்கும்.

டேக் திருத்தம் போலத் தெரிந்து உண்மையில் பாட்டையே மாற்றுபவையும் உண்டு. எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்தில் கேட்க வேண்டும் என்பதற்காக உள்ள ரீப்ளேகெயின், வெறும் எண்ணை டேக்கில் எழுதினால் தொல்லையில்லை, கேட்கும்போது பிளேயர் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதையே 'கோப்பில் நிரந்தரமாக ஏற்று' என்று கொடுத்து மறுபடி மாற்றினால் ஒவ்வொரு சாம்பிளும் மாறிவிடும். பாட்டுக்கு முன்னால் உள்ள மௌனத்தை வெட்டுவதும் அப்படியே. இந்த இடத்தில் ஃப்ளாக் நம்மை ஏமாற்றிவிடும்: புதிய சாம்பிள்களுக்குப் புதிய எம்டி5 எழுதிக்கொண்டு, சோதித்தால் 'சரி' என்றே சொல்லும்.

டேக் எழுதும்போதே பாட்டு சேதமாகும் வாய்ப்பு ஒன்றிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கு 8,192 பைட் வெற்றிடம் தாராளம். அரை எம்பி அட்டைப்படத்துக்கு எங்கே போவது? மென்பொருள் கோப்பு முழுவதையும் புதிதாக எழுதும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனாலோ, யூஎஸ்பி வயரைப் பிடுங்கினாலோ, ஹார்டு டிஸ்க் தள்ளாடினாலோ பாட்டில் கை வைத்ததாகிவிடும். ஃப்ளாக்கில் ஒவ்வொரு சிறு சட்டகத்துக்கும் தனிச் சோதனை எண் இருப்பதால் சேதம் எங்கே என்று தெரிந்துவிடும். ஆப்பிளின் இழப்பில்லா வடிவமான ஏலாக்கில் அப்படி உள்ளேயே ஒப்பிட எண் கிடையாது. ஏலாக் கோப்புகளுக்கு மொத்தமாக டேக் போட்டவர்கள் வேலை முடிந்ததும் ஒருமுறை கோப்பு ஒழுங்காக விரிகிறதா என்று ஓட்டிப் பார்ப்பது நல்லது.

எனவே வேலையை இந்த ஒழுங்கில் செய்வதே உத்தமம். தட்டு டிரைவில் இருக்கும்போதே அக்யூரேட்ரிப் சோதனையை முடித்து, ரிப் அறிக்கையையும் பாட்டு வரிசை உள்ள கியூ கோப்பையும் அதே கோப்புறையில் வைத்துவிடுங்கள். அதன்பின் டேக்கை மனம்போலத் திருத்தலாம். படம் படமாகப் பிரிப்பதாக இருந்தால் தட்டின் பழைய எண்ணைத் தனி டேக்கில் குறித்துவைத்துவிட்டுப் பிரிக்கலாம். கோப்பு முழுவதற்குமான ஹாஷ் வேண்டும் என்றால் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக எடுங்கள்.

பல பழைய தமிழ் சிடிகளுக்கு 'தரவுத்தளத்தில் இல்லை' என்ற பதில் ரிப் செய்யும்போதே வந்துவிடும். அது உங்கள் டேக்கின் குற்றமோ டிரைவின் குற்றமோ அல்ல. அந்தத் தட்டை இதுவரை அங்கே யாரும் பதிவு செய்யவில்லை என்பதுதான் பொருள். அப்போது ஒப்பிட இன்னொருவர் இல்லை என்பதால், எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் உள்ளபடி ஒருமுறை சோதனைக்காகவும் இன்னொருமுறை பிரதிக்காகவும் படிக்கவைத்து சிஆர்சி என்ற சோதனை எண்கள் இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் இரண்டாவது முறைக்கு வேறு கம்பெனி டிரைவைப் போடுங்கள். ஒரே டிரைவ் ஒரே கீறலில் ஒரே தப்பை இரண்டு தடவை செய்யக்கூடியதுதான்.