புகலிடத் தொட்டிக்கான ஒளி நேரம்

புகலிடத் தொட்டி (ரெஃபியூஜியம்) என்பது கடல்நீர் மீன்தொட்டியின் நீரோட்டத்தோடு இணைந்த, ஆனால் மீன்கள் நுழைய முடியாத தனித் தடுப்பு ஆகும். பெரும்பாலும் இது காட்சித் தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டியின் (சம்ப்) ஒரு பகுதியாக அமைகிறது. இதில் வளரும் பெரும்பாசிகள், மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டையும் பாசுபேட்டையும் உறிஞ்சுகின்றன. வளர்ந்த பாசியைப் பிடுங்கி எடுக்கும்போது அச்சத்துகளும் தொட்டியை விட்டு நீங்குகின்றன. துடுப்புக்காலிகள் (கோப்பிபாடுகள்) போன்ற சிற்றுயிர்கள் இரையாகாமல் பெருகவும் இங்கே இடம் கிடைக்கிறது. இதன் விளக்கை எப்போது எரியவிடுவது, எத்தனை மணி நேரம் எரியவிடுவது என்பது, அங்கே எந்தப் பாசி வளர்கிறது என்பதைப் பொறுத்தது.

இரவில் ஒளி கொடுப்பது ஏன்?

பகலில் காட்சித் தொட்டியின் பவளங்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கைக்காகக் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கின்றன. விளக்கு அணைந்தபின் எல்லா உயிர்களும் சுவாசிக்க மட்டுமே செய்கின்றன. வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது; பிஎச் மதிப்பு இறங்குகிறது. மாலையில் 8.3 காட்டிய தொட்டி விடியற்காலையில் 7.9 காட்டுவது அரிதன்று. அந்த நேரத்தில் கீழ்த் தொட்டியின் பாசி ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருந்தால் இந்த இறக்கம் குறையும், ஆக்சிஜனும் கிடைக்கும். இதுவே எதிர்முறை ஒளியூட்டல். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பவளத்திட்டு மாதிரித் தொட்டிகளை உருவாக்கிய வால்டர் ஏடி, தம் பாசிப் படுகைகளுக்கு இரவில் ஒளி கொடுக்கும் முறையைக் கையாண்டார்.

ஆனால் அறையின் சன்னல்கள் அடைபட்டு, உள்ளே நான்கு பேர் உறங்கினால் அறைக் காற்றிலேயே கார்பன் டை ஆக்சைடு கூடிவிடும். அத்தகைய வீட்டில் விளக்கின் நேரத்தை மாற்றுவதைவிடச் சன்னலைத் திறப்பது அதிகப் பயன் தரும்.

'இருள்வினை' என்ற குழப்பம்

பாசிக்கு இருள் கட்டாயம் தேவை என்று சொல்பவர்கள், ஒளிச்சேர்க்கையின் இருள்வினையைச் சான்றாகக் காட்டுவதுண்டு. வகுப்பறையில் ஆண்டுதோறும் எழுந்த ஐயம்தான் இது. பெயர்தான் தவறான எண்ணத்தைத் தருகிறது. கால்வின் சுழற்சிக்கு ஒளி நேரடியாகத் தேவையில்லை என்பதே அதன் பொருள். இருள் தேவை என்பதன்று. உண்மையில் அது பகலில்தான் நடக்கிறது. அதன் நொதிகள் சிலவற்றைத் தூண்டுவதே ஒளிதான். ஆகவே ஓய்வு நேரம் கொடுப்பதற்கு வேறு காரணங்களைத்தான் தேட வேண்டும்: மின்கட்டணம், சூடு, இருட்டில் வெளிவந்து மேயும் சிற்றுயிர்கள்.

காலர்ப்பா: விதிவிலக்கான பாசி

காலர்ப்பா பார்ப்பதற்குத் தண்டும் இலையும் உடைய செடிபோல இருந்தாலும், அது முழுவதும் குறுக்குச் சுவர்கள் இல்லாத ஒரே செல். உள்ளே எண்ணற்ற உட்கருக்கள் இருக்கின்றன. இனப்பெருக்கக் காலம் வந்தால் அந்தச் செல்லின் உள்ளடக்கம் முழுவதும் பாலணுக்களாக மாறி வெளியேறிவிடும். மிஞ்சுவது வெளிறிய வெற்றுறை. பனாமாவின் கரீபியக் கடற்பகுதியில் செய்த ஆய்வை 1997-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கென்னத் கிளிஃப்டன், இவ்வகைப் பச்சைப்பாசிகள் விடியல் வேளையில் கூட்டமாகப் பாலணுக்களை வெளியிடுவதை விவரித்தார்.

கடலில் இது இயல்பான நிகழ்வு. 200 லிட்டர் தொட்டியிலோ இது பேரிடர். நீர் பச்சையாகக் கலங்கும். பல மாதங்களாகப் பாசி சேர்த்துவைத்த சத்துகள் ஒரே காலையில் நீருக்குத் திரும்பும். ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மூச்சுத் திணறும். விடியல் என்ற சைகையே கிடைக்காமல் செய்வதற்காகக் காலர்ப்பா வளர்ப்போர் பலர் 24 மணி நேரமும் விளக்கை எரியவிடுகின்றனர். இது முழுமையான காப்பு அன்று. அடிக்கடி கத்தரிப்பதும், வெளிறும் இழைகளை உடனே அகற்றுவதும் இன்றியமையாதவை. புதிதாகத் தொடங்குபவர் காலர்ப்பாவை விட்டுவிடுவதே நல்லது.

கத்தரித்ததை நீர்நிலையில் எறியவும் கூடாது. 1984-இல் மொனாக்கோ அருகே காணப்பட்ட காலர்ப்பா டாக்சிஃபோலியா மத்தியதரைக் கடலில் பெரும்பரப்பில் பரவியது.

கிளையற்ற இழைகள் பின்னிய உருண்டையாக வளரும் கீட்டோமார்ஃபாவில் இவ்வாறு திடீர்ச் சரிவு ஏற்படும் தொல்லை இல்லை. இராமேசுவரம் கரையில் கஞ்சிப்பாசி எனப்படும் கிராசிலேரியா இனத்தின் உறவுகளும் தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றன. இவற்றுக்கு இரவு ஒளியே போதும்.

எத்தனை மணி நேரம்?

காட்சித் தொட்டி காலை 10 முதல் இரவு 8 வரை ஒளிர்ந்தால், புகலிடத் தொட்டியை இரவு 8 முதல் காலை 6 வரை என 10 மணி நேரத்தில் தொடங்கலாம். டைமர் கட்டாயம் வேண்டும். கையால் போட்டு அணைப்பது ஒரு வாரத்துக்கு மேல் ஒழுங்காக நடக்காது. வாரம் ஒருமுறை நைட்ரேட், பாசுபேட் இரண்டையும் அளந்து, அவை குறையாவிட்டால் மட்டும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். 14 மணி நேரம்வரை செல்லலாம். 30 வாட் எல்இடி விளக்கு 14 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 0.42 யூனிட், மாதத்துக்கு ஏறக்குறைய 13 யூனிட் ஆகும்.

நேரத்தைக் கூட்டியும் பாசி வளரவில்லை என்றால் குறை ஒளியில் இல்லாமல் இருக்கலாம். கடற்பாசிகளின் உடலில் சராசரியாகப் பாசுபரசு அணு ஒன்றுக்கு நைட்ரஜன் அணுக்கள் 30 உள்ளன என்று அட்கின்சனும் ஸ்மித்தும் 1983-இல் காட்டினர். இரண்டில் ஒன்று தீர்ந்தால் வளர்ச்சி நின்றுவிடும். அப்போது விளக்கை 24 மணி நேரம் எரித்தாலும் பயனில்லை. இரண்டுமே சுழியைத் தொட்டால் நிலைமை இன்னும் மோசம்: பவளங்கள் வெளிறும், மணலில் பழுப்பு நிறச் சளிபோல டைனோஃபிளாஜெல்லேட்டுகள் படரும். அந்த அறிகுறி தெரிந்தால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஒளியைக் குறைத்து, நைட்ரேட் மீண்டும் அளவில் தென்படும்வரை பாசியை அறுவடை செய்யாமல் விட வேண்டும்.