தொலைபேசி எண் மட்டும் போதாது

காது சரியாகக் கேட்காதவர்களுக்கென்று நடத்தப்படும் ஒரு சேவை, தன்னைத் தொடர்புகொள்ளத் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்தால், அது யாருக்காக இருக்கிறதோ அவர்களையே வாசலில் நிறுத்திவிடுகிறது. வழக்கமான தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். 'ஸ' போன்ற உரசொலிகளின் வலுவில் பெரும்பகுதி அதற்கும் மேலே இருக்கிறது. வயதாகும்போது முதலில் மங்குவதும் உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன்தான். காது இழந்துவிட்ட அதே பகுதியைத் தொலைபேசியும் வெட்டிவிடுகிறது. வீடியோ அழைப்பில் உதடு தெரியுமே என்றால், 'பாலை'க்கும் 'மாலை'க்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. விடுபட்டதை ஊகித்து ஊகித்தே மூளை களைத்துப்போகும். எழுத்தில் இந்த ஊகமே தேவையில்லை. அமெரிக்காவில் காது கேளாத இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட் 1964இல் தட்டச்சு இயந்திரங்களைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து, எழுத்திலேயே உரையாட முடியும் என்று காட்டினார். தொலைபேசி வந்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று கைபேசியிலேயே அந்த வசதி இருக்கும்போது, எழுதி உரையாடும் 'சாட்' வசதியை ஏதோ கூடுதல் சலுகைபோல ஓரத்தில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

காது மெஷின் வாங்கியபின் வரும் வாரங்களில்தான் இதன் அருமை தெரியும். உலகில் 43 கோடிப் பேருக்குச் செவித்திறன் குறைவுக்கான மறுவாழ்வுச் சேவை தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவியைக் காதில் மாட்டிவிடுவதோடு அந்தச் சேவை முடிவதில்லை. கருவி கீச்சிடும், குழாயில் அழுக்கு அடைக்கும், தன் குரலே தனக்கு அந்நியமாக ஒலிக்கும். ஒவ்வொன்றும் சின்னச் சிக்கல்தான். ஆனால் கேட்க ஆளில்லாவிட்டால் கருவி அலமாரிக்குள் போய்விடும். அடைப்பைப் படம் எடுத்து அனுப்பி, வந்த பதிலை நிதானமாக இரண்டு முறை படிக்க முடிந்தால் பாதிச் சிக்கல் வீட்டிலேயே தீரும். 2011இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு, கருவி அணிந்தவர்களில் ஒரு குழுவுக்கு இணையவழிப் பயிற்சி கொடுத்தது. மற்றொரு குழுவைத் தங்களுக்குள் எழுதி உரையாடவிட்டது. ஆறு மாதம் கழித்து இரு குழுவினரும் தங்கள் இடர்ப்பாடு குறைந்ததாகவே சொன்னார்கள். எந்த உதவியும் பெறாத மூன்றாவது குழு அதில் இல்லை. எனவே முழுப் பலனையும் உரையாடலின் கணக்கில் எழுதிவிட முடியாது. இருந்தாலும் பயிற்சிக்கு ஒப்பீடாக வைக்கப்பட்ட குழுவே தேறியது கவனிக்கத்தக்கது.

முதியவர்களுக்குத் தட்டச்சு வராதே என்பார்கள். உண்மைதான், ஆனால் அவர்களில் பலருக்குப் படிப்பதில் சிரமமில்லை. அவர்கள் வாயால் பேசட்டும், பதில் மட்டும் எழுத்தில் வரட்டும். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழிதான் தாய்மொழி. எழுத்துத் தமிழ் அவர்களுக்கு இரண்டாம் மொழி. சாட் வசதியை வைத்து அவர்களுக்கும் வேலை முடிந்தது என்று கணக்குக் காட்டக் கூடாது. சைகை தெரிந்த ஒருவர் வீடியோவில் வரவேண்டும். பிரிட்டனில் 2022 முதல் அவசர உதவிக்கே அந்த ஏற்பாடு இருக்கிறது.

சாட்டில் காதுக்குள் பார்க்க முடியாது, செவித்திறனை முறையாக அளக்கவும் முடியாது. ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் கேட்காமல் போனதாக யாராவது எழுதினால், கருவியைத் துடைத்துப் பாருங்கள் என்று யோசனை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. சிகிச்சை தாமதமானால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பும் குறையும். "இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்" என்பதுதான் அங்கே முதல் பதிலாக வரவேண்டும். அதைச் சொல்லப் பயிற்சி பெற்றவர்தான் மறுமுனையில் உட்காரவும் வேண்டும்.