கண்ணுக்குள் ஓடும் இரத்தம்: லேசர் சொல்வதும் சொல்லாததும்

கண் மருத்துவரிடம் போனால் கண் அழுத்தம் பார்ப்பார்கள். அளவு 21க்குள் இருந்தால், பயமில்லை என்று பலரும் நிம்மதியாக வீடு திரும்பிவிடுகின்றனர். ஆனால், ஜப்பானின் தஜிமி நகரில் 2000, 2001ஆம் ஆண்டுகளில் 40 வயதைத் தொட்டவர்களிடையே நடந்த ஆய்வு வேறு கதை சொன்னது. பரவலாகக் காணப்படும் வகைக் கிளாக்கோமா இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கு அழுத்தம் 21ஐத் தாண்டவே இல்லை.

அழுத்தம் ஏறாமலே பார்வை நரம்பு ஏன் பட்டுப்போகிறது? நரம்புக்குப் போகும் இரத்தம் குறைவதும் ஒரு காரணமோ என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கு நெடுநாளாக உண்டு. இரத்த நாளத்தைத் தொடாமலே அந்த ஓட்டத்தை அளக்க லேசர் கைகொடுக்கிறது. இதில் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று டாப்ளர் முறை. ஆம்புலன்ஸ் நெருங்கும்போது அதன் ஒலி கீச்சென்றும், கடந்ததும் தடித்தும் கேட்கிறதல்லவா? ஒளிக்கும் அதே கதைதான். ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் லேசரின் அதிர்வெண் இம்மியளவு மாறும். அந்த மாற்றம் வேகத்தைச் சொல்லிவிடும். 1972இல் சார்ல்ஸ் ரீவாவும் கூட்டாளிகளும் இதை முயலின் விழித்திரைத் தமனியில் செய்து காட்டினர். 1974இல் மனிதக் கண்ணிலும் அளந்தார்கள்.

மற்றது ஸ்பெக்கிள் முறை. லேசர் பாயிண்டரைச் சுவரில் அடித்துப் பாருங்கள், யார் கண்ணிலும் வேண்டாம்! ஒளிப்புள்ளிக்குள் மணல் தூவியது போன்ற மினுமினுப்பு தெரியும். ஓடும் இரத்தத்தில் அந்த மணல் ஓயாமல் கலைந்துகொண்டிருக்கும். கேமராவில் அது கலங்கலாகப் பதியும். கலங்கல் கூடினால் ஓட்டம் கூடுதல். 1981இல் ஃபெர்ச்சர், பிரையர்ஸ் இருவரும் இதை விளக்கினர். பின்னர் ஜப்பானில் உருவான கருவி, நொடிக்கு 30 படமாக 4 நொடி எடுத்து, இதயத் துடிப்போடு ஓட்டம் ஏறி இறங்குவதையும் காட்டியது.

எது சிறந்தது? 1990களில் வந்த டாப்ளர் ஸ்கேன் கருவி, ஒவ்வொரு வரியையும் 128 முறை தடவி, சிறு பட்டையைத்தான் அளந்தது. கண் சற்று அசைந்தாலும் கணக்கு கெட்டது. அகலமாகவும் விரைவாகவும் பார்க்க ஸ்பெக்கிள்தான் வசதி. ஆனால் பெரிய இரத்த நாளத்தில், இரு திசையிலிருந்து டாப்ளர் வைத்து அளந்தால் நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று திட்டமாகச் சொல்லலாம். ஸ்பெக்கிள் தரும் எண்ணுக்கு அப்படி ஓர் அலகு கிடையாது.

இங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. விழிக்குள் இருக்கும் நிறமியும் திசுவும் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் அடுத்தவர் எண்ணைத் தம் எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்குவதில் பொருளில்லை. அதே கண்ணை ஆறு மாதம் கழித்து அதே கருவியில் பார்த்து, எண் இறங்கியிருந்தால் அதுதான் செய்தி.

இரத்த ஓட்ட அளவு மட்டும் கிளாக்கோமாவை உறுதிப்படுத்தாது. நரம்பின் தோற்றத்தையும் பக்கப் பார்வையையும் சோதித்தே மருத்துவர் முடிவு செய்வார். அழுத்தம் 21க்குள் இருப்பவர்களும் அந்தச் சோதனைகளைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளலாம்.