குளிர் வருமுன் வீட்டை ஆயத்தப்படுத்துங்கள்



தலைநகர் டெல்லியிலே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குளிர்காலத்தின் முதல் அறிவிப்பு வானொலியில் வருவதில்லை, அடுக்களையில் வருகிறது. தேங்காயெண்ணெய் உறைந்துவிடுகிறது. அன்று புட்டியை வெயிலில் வைத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். கம்பளியைப் பற்றிய நினைவு டிசம்பர் பாதியில்தான் வருகிறது. அதற்குள் வீட்டிலுள்ள முதியவரின் நெஞ்சிலே சளி கட்டியிருக்கும்.

குளிரை நாம் இன்னும் விருந்தாளியாகவே எண்ணுகிறோம். சில நாள் இருந்துவிட்டுப் போகும் என்று நினைக்கிறோம். ஆனால் டெல்லியின் ஜனவரி மாதத்தில் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸ்தான். 2006 ஜனவரி 8 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 0.2 டிகிரி பதிவாயிற்று. 2021 ஆம் ஆண்டின் முதல் நாள் காலையில் 1.1 டிகிரி. அந்த இரவிலேதான் நம்மவர் பலர் புத்தாண்டு ஆராதனைக்காக நள்ளிரவில் வீட்டைவிட்டுப் புறப்படுவது வழக்கம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2019 முதல் 2023 வரையுள்ள ஐந்து ஆண்டுகளில் நாடெங்கும் குளிரின் தாக்கத்தால் 3,639 பேர் மாண்டனர் என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம், குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைக்கொண்டு மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. குளிர் மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும் நிமோனியாவாகவும் வந்து கொல்லும்போது, இறப்புச் சான்றிதழில் குளிர் என்ற சொல்லே இராது. ஆகையால் இந்த எண்ணிக்கை உண்மையில் மிகக் குறைவானதே.

இந்தக் கட்டுரைக்கு உடனடிக் காரணமான செய்தி ஒன்று உண்டு. 2025 ஜூன் 1 அன்று, ஜங்புராவை ஒட்டிப் பாராபுல்லா வடிகாலின் கரையிலிருந்த மதராஸி கேம்ப், உயர்நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. ஏறக்குறைய 370 வீடுகளில், முதலில் தகுதியுடையவை என்று கண்டறியப்பட்ட 189 குடும்பங்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் அரசின் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. வேலைக்குப் போன வீடுகளும் பிள்ளைகளின் பள்ளியும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவில் நின்றுவிட்டன. தகுதி கிடையாதவர்கள் கிடைத்த இடத்தில் வாடகைக்குப் போனார்கள்.

ஜுக்கியில் இருந்தவருக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தால் குளிர் குறையும் என்றே நாம் நினைப்போம். எப்பொழுதும் அப்படியல்ல. ஜுக்கிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. அண்டை வீட்டு அடுப்பின் சூடும் மனிதரின் சூடும் சுவரைக் கடந்து வரும். நரேலா போன்ற நகரோரக் குடியிருப்புகள் வெட்டவெளியை அடுத்து நிற்கின்றன. வடமேற்கிலிருந்து வரும் வாடைக்காற்று தடையின்றி வந்து மோதுகிறது. மேலும் டெல்லியின் சிமெண்டுக் கட்டடங்கள் வெப்பத்தை உள்ளே பிடித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டவையல்ல. பனிமூட்டம் பகலிலும் கலையாத நாட்களில் சுவர் சூடேறுவதே இல்லை. 2019 டிசம்பர் 30 அன்று சப்தர்ஜங்கில் பகலின் அதிகபட்ச வெப்பநிலையே 9.4 டிகிரிதான். இத்தகைய குளிர்ப்பகல்கள் இரண்டு மூன்று தொடர்ந்து வந்தால், வீட்டுக்குள்ளிருக்கும் முதியவருக்கு அது கடுங்குளிர் இரவைக் காட்டிலும் கொடியது.

உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குளிர்காலத்தில் வீட்டினுள் 18 டிகிரியாவது இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் நவம்பர் முதல் மார்ச் முடிய மக்களின் உடல்நலத்துக்கென்றே தனிக் குளிர் எச்சரிக்கைகள் வெளியிடுகிறார்கள். நமக்கு அந்த அளவு ஏற்பாடு இல்லை. இந்திய வானிலைத் துறையின் எச்சரிக்கை மட்டும் உண்டு. சமவெளியில் குறைந்தபட்சம் 10 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்து, இயல்பைக் காட்டிலும் 4.5 டிகிரியோ அதற்கு மேலோ குறைந்தால் குளிர் அலை; இயல்பு எதுவாயினும் 4 டிகிரிக்கு இறங்கினாலே குளிர் அலை; 2 டிகிரி என்றால் கடுங்குளிர் அலை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறங்களில் அறிவிப்பார்கள். வீட்டுக்கு ஒருவராவது இதைக் கவனித்துவருவது நல்லது.

அங்கீட்டி என்னும் அமைதியான ஆபத்து

இனி, குளிரைவிட விரைவாகக் கொல்லும் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன். 2024 ஜனவரி 14 அன்று ஒரே நாளில் டெல்லியில் ஆறு பேர் இறந்து கிடந்தனர். அலிப்பூர் பகுதியிலுள்ள கேரா கலான் கிராமத்தில் தாயும் தந்தையும் இரண்டு சிறு பிள்ளைகளும். இந்தர்புரியில் இரண்டு ஆண்கள். இரண்டு இடத்திலும் கதவும் சன்னலும் மூடியிருந்தன. இரண்டு இடத்திலும் அறைக்குள்ளே அங்கீட்டி இருந்தது.

மூடிய அறையில் கரி எரியும்போது பிராணவாயு குறைந்துபோக, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக ஒட்டிக்கொள்வது அது. முதலில் தலைவலி, பின்பு மயக்கம், குமட்டல். தூங்குகிறவருக்கு இவை ஒன்றும் தெரியாது. புகை அடங்கிவிட்டது, கனல்தானே இருக்கிறது என்று அநேகர் அங்கீட்டியை உள்ளே எடுத்து வைக்கிறார்கள். புகையில்லாத கனலே மிகுந்த ஆபத்தானது. கண் எரியாதபடியால் எச்சரிக்கையும் இல்லை. ஆகவே படுக்கும் அறையில் கரி, விறகு, வறட்டி எதுவும் கூடாது. குளியலறைக்குள் பொருத்தப்பட்ட எரிவாயுக் கீசரும் இதே நச்சை உண்டாக்கும். அதை வெளியே பொருத்துங்கள். வாடகை வீட்டில் அது இயலாவிட்டால், வாளியில் நீர் நிரம்பியதும் கீசரை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து காற்று மாறியபின் குளியுங்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், மாத்திரை தேடாமல் எல்லாரையும் வெளியே கொண்டுவந்து 112 ஐ அழையுங்கள்.

மின்சார ஹீட்டர் இதைவிட நல்லது. ஆனால் ஒரே பிளக்கில் ஹீட்டரும் இம்மர்ஷன் ராடும் இஸ்திரிப்பெட்டியும் மாட்டினால் கம்பி உருகும். ராடை அணைத்து, பிளக்கைப் பிடுங்கியபின்பே தண்ணீரில் கை வைக்கவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். காவல் வேலை செய்யும் சகோதரர்கள் இரவில் குப்பையையும் டயரையும் கொளுத்திக் குளிர்காய்வது அவர்களுடைய நுரையீரலுக்கும் கேடு, நகரத்துக்கும் கேடு. டெல்லியின் காற்று மாசுத் தடுப்புத் திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்கள் காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் தரவேண்டும் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வீட்டிலும் சபையிலும் செய்யவேண்டியவை

அப்போஸ்தலனாகிய பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படியும், குளிர்காலம் தொடங்குமுன் வந்து சேரும்படியும் கேட்டதை நீங்கள் வாசித்திருப்பீர்கள். நம்முடைய சபைகளில் கம்பளி வழங்குவது பெரும்பாலும் கிறிஸ்துமஸ் நாளில்தான் நடக்கிறது. படம் எடுப்பதற்கு அது ஏற்ற நாள். குளிருக்குப் பிந்திய நாள். நவம்பர் முதல் வாரத்தில் கொடுத்தால் அதே பணத்தில் இருமடங்கு பயன் உண்டு.

அக்டோபரிலேயே ஒரு பட்டியல் எழுதுங்கள். தனியாக வாழும் முதியவர், விதவை, கைக்குழந்தையுள்ள தாய், ஆஸ்துமா, சர்க்கரை, இருதயநோய் உள்ளவர் ஆகியோரின் பெயரும் மாடி எண்ணும் அதில் இருக்கட்டும். மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் நான்காம் மாடிப் பாட்டி மூன்று நாள் இறங்கி வராவிட்டால் ஒருவரும் கவனிப்பதில்லை. எச்சரிக்கை வந்த நாளில் காலையிலும் மாலையிலும் யார் அவர்கள் கதவைத் தட்டுவது என்பதையும் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். தொலைபேசியில் கேட்டால் "நல்லாயிருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். போய்ப் பாருங்கள். இரத்த அழுத்த மாத்திரையும் ஆஸ்துமா இன்ஹேலரும் இரண்டு வாரத்துக்காவது இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃப்ளூ தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் குளிருக்கு முன்பே கேளுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை முதலில் தரை. சிமெண்டுத் தரையில் பாய் மட்டும் விரித்தால் உடலின் சூடு கீழே போய்விடும். அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் சாக்கு, அதன்மேல் படுக்கை. கதவின் அடியிலுள்ள இடைவெளியைத் துணிச்சுருளால் அடையுங்கள். உடைந்த கண்ணாடியை மாற்றும்வரை தடித்த பிளாஸ்டிக் போதும். ஆனால் சமைக்கும் இடத்தில் காற்று வரும் வழியை அடைக்கவேண்டாம். ஒரு கனத்த ஸ்வெட்டரைவிட இரண்டு மூன்று மெல்லிய உடைகள் மேல். பருத்தித் தொப்பி, காலுறை இரவிலும் இருக்கட்டும்.

விடியற்காலையில் தலைக்குக் குளிக்கும் ஊர்ப்பழக்கத்தை முதியவர்கள் விடமாட்டேன் என்பார்கள். குளிர்ந்த நீர் பட்டதும் இரத்தக்குழாய்கள் சுருங்கி, அழுத்தம் ஏறி, இருதயம் தத்தளிக்கும். மத்தியானத்தில் வெந்நீரில் குளிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றாமல் காலடியில் வைத்தால் கொப்புளம் வந்தபின்தான் தெரியும். அவர்களும், நோயுள்ள பெரியவர்களும், பாலூட்டும் தாய்மாரும் கடுங்குளிர் நாட்களில் உபவாசத்தையும் முழு இரவு ஜெபத்தையும் தவிர்க்கும்படி போதகர்களே மேடையிலிருந்து சொல்வது நலம். பிறர் சொன்னால் அவர்கள் கேட்பதில்லை. பச்சைக் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து மேலே போர்த்துவதே மிகச் சிறந்த கதகதப்பு.

நடுக்கம் நின்றுபோய், பேச்சுக் குழறி, தூக்கம் மேலிட்டு, சொன்னது புரியாமல் ஒருவர் விழித்தால், உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போயிருக்கக்கூடும். இது தூக்கமல்ல. ஈர உடையை மாற்றி, மார்பையும் வயிற்றையும் முதலில் சூடாக்குங்கள். கைகால்களைத் தேய்க்கவேண்டாம். பிராந்தி கொடுத்தால் சூடு வரும் என்பது பொய். அது உடலின் சூட்டை வெளியேற்றும். விழுங்கக்கூடியவராயிருந்தால் இளஞ்சூடான இனிப்புத் தேநீர் கொடுத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வீடே இல்லாதவரையும் வழியில் காண்பீர்கள். 2009 டிசம்பரில் பூசா சாலையிலிருந்த தற்காலிக இரவுக் காப்பகம் கடுங்குளிரில் அகற்றப்பட்டது. அதன்பின் நீதிமன்றங்கள் தலையிட்டன. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. டெல்லியில் இவை ரைன் பசேரா என்று அழைக்கப்படுகின்றன. நகர்ப்புறக் காப்பக மேம்பாட்டு வாரியம் இவற்றை நடத்துகிறது. பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் தனியானவை உண்டு. உங்கள் பகுதிக்கு அருகிலுள்ளது எங்கே என்பதை இப்பொழுதே கேட்டு, சபையின் அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள்.

ஜனவரி பாதியில் இரண்டு நாள் நல்ல வெயில் அடித்ததும் ரஜாயைத் துவைத்துக் காயப்போட்டுப் பரணில் ஏற்றுவது நம் வழக்கம். பிப்ரவரியிலும் குளிர் திரும்பி வரும். முதியவர் உள்ள வீட்டில் ஹோலி முடியும்வரை அது கீழேயே இருக்கட்டும்.