கல்லமேட்டு விலங்கும் களிமண் உருவமும்

கழக்கூட்டம் புகைவண்டி நிலையத்துக்கு அருகில் ஒரு மாடியறை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நால்வர் அங்குக் கூடுவது வழக்கம். மேசைமேல் தேநீரும் பழம்பொரியும் இருக்கும். அவற்றின் நடுவே ஒரு சாண் உயரமுள்ள கொடிய விலங்கொன்று வாய்பிளந்து நிற்கும். புதிதாக வந்த பொம்மை அது. அதைச் சுற்றி அமர்ந்து, பெண் பார்க்கப் போன வீட்டாரினும் கடுமையாகக் குற்றம் கண்டுபிடிப்பதே எங்கள் பொழுதுபோக்கு.

அறைக்கு உரியவர் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரியும் மலையாள நண்பர். வயதில் மூத்தவராதலின் அவரைச் சேட்டன் என்றே அழைப்போம். அடுத்தவர் நாகர்கோவிலிலிருந்து வந்து பல்கட்டும் தொழில் செய்பவர். மூன்றாமவர் பேருந்துகளுக்குக் காற்றுத் தூரிகையால் படம் எழுதுபவர். நான் காரியவட்டத்தில் நிலவியல் பயிலும் மாணவன்; ஊர் அரியலூர்ப் பக்கம். வளர்ந்தவர்கள் பொம்மை வைத்து விளையாடுவதா என்று மன்ற நண்பர்கள் நகைக்கலாம். ஆயினும் பொம்மை ஒன்றைச் சரியா தவறா என்று சொல்லப் புகுவோர்க்கு எவ்வளவு விலங்கியலும் நிலவியலும் வேண்டியிருக்கின்றன என்பதைக் கூறவே இக்கட்டுரையை எழுதலானேன்.

டைனோசர் உருவங்கள் செய்யும் கலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1854இல் இலண்டன் மாநகரின் சிடன்ஹாம் பூங்காவில், பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிற்பி, ரிச்சர்டு ஓவன் என்னும் பேரறிஞரின் துணையோடு பழங்கால விலங்குகளை உண்மை அளவில் நிறுவினார். அவற்றின் சிறு படிவங்களும் கல்விக்கென விற்கப்பட்டன. நம்போன்ற சேகரிப்பாளருக்கு அவையே முன்னோடி எனலாம். அங்குள்ள இகுவானோடான் என்னும் விலங்கின் மூக்கில் கொம்பு இருக்கும். 1878இல் பெல்ஜியம் நாட்டுப் பெர்னிசார் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பின்னரே, அது மூக்குக் கொம்பன்று, கட்டைவிரலின் கூர்முனை என்று ஐயமறத் தெளிந்தது. அறிவு திருந்திவிட்டது; சிற்பமோ இன்றும் மூக்குக் கொம்போடுதான் நிற்கிறது. 1955இல் அமெரிக்க மார்க்ஸ் கம்பெனி விற்ற பொம்மைகளில் டைரனோசாரஸ் கங்காருவைப் போல நிமிர்ந்து, வாலைத் தரையில் ஊன்றி நின்றது. இன்று அப்படி ஒன்றைச் செய்து விற்றால் சேட்டன் அதைக் கையால் தொடவும் மாட்டார்.

அவர் முதலில் பார்ப்பது கையைத்தான். இருகாலில் நடந்த ஊனுண்ணிகளின் உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்கியிருந்தன, நாம் கைதட்டப் போகும்போது இருப்பதுபோல. உள்ளங்கையைத் தரை நோக்கித் திருப்ப அவற்றின் முன்கை எலும்புகள் இடங்கொடா. திரைப்படங்களிலும் பழைய பொம்மைகளிலும் காண்பதோ, முயல் எழுந்து நின்றாற்போல் மணிக்கட்டு தொங்கும் கை. ‘முயல்கை’ என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறோம். முயல்கை கண்டவுடன் எங்கள் அவையில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

அடுத்தது தோல். அர்ஜென்டினாவில் கிடைத்துப் போனபார்ட்டே என்பவரால் 1985இல் பெயரிடப்பட்ட கார்னோடாரஸ், தோலின் அச்சும் பாறையில் பதிந்து கிடைத்த அரிய விலங்கு. உடல் நெடுகப் பெரிய செதில்கள் வரிசை வரிசையாக இருந்தன என்றே நெடுங்காலம் கருதி, பொம்மைகளிலும் சட்டைப் பொத்தான்போல் அவற்றை அடுக்கி வந்தனர். 2021இல் அப்பாறைகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள், செதில்கள் வரிசையில் இல்லை, ஒழுங்கின்றிச் சிதறியே உள்ளன என்றனர். அவ்வளவுதான்! என்னிடமிருந்த விலையுயர்ந்த உருவம் ஒரே நாளில் பழங்கதையாயிற்று. ஒரு மாத உணவுக் கட்டணத்தை அதற்கு ஈந்திருந்தேன் என்பதை இங்குச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

நம் நாட்டு விலங்குக்கு வருவோம். குஜராத்தில் பாலாசினோருக்கு அருகே ரயோலி என்னும் சிற்றூரில் 1982 முதல் 1984 வரை தோண்டி எடுத்த எலும்புகளை ஆராய்ந்து, 2003இல் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் எனப் பெயர் சூட்டினர். நெற்றியில் தாழ்ந்த உருண்டைக் கொம்புடைய ஊனுண்ணி அது. மூளையைச் சூழ்ந்த மண்டைப்பகுதியும் முதுகெலும்பும் இடுப்பும் காலும் வாலும் கிடைத்தன. கைக்கும் முகத்தின் முன்பகுதிக்கும் மடகாஸ்கரிலும் தென்னமெரிக்காவிலும் வாழ்ந்த உறவினங்களைப் பார்த்துத்தான் வடிவம் கொடுக்க வேண்டும். இதில் தவறொன்றுமில்லை. கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிற்கும் பாரபசாரஸ் தாகூரை என்னும் பெருவிலங்கும் அவ்வாறுதான். கோதாவரிப் பள்ளத்தாக்கில் குறைந்தது 6 விலங்குகளின் 300 எலும்புகளளவில் கிடைத்தும், தலையோடு ஒன்றும் கிடைக்கவில்லை, பற்கள்தாம் கிடைத்தன. தலை கற்பனை என்பதை அறிந்துகொண்டு பார்த்தால் அக்காட்சியின் பெருமை குறைவதில்லை.

வண்ணத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் பேருந்துக்காரரிடம் கேட்க வேண்டும். விளம்பரப் படத்தில் காணும் பொம்மை வேறு, பெட்டியைத் திறந்தால் வரும் பொம்மை வேறு என்பது சேகரிப்பாளர் யாவரும் அறிந்த துயரம். படத்திலிருப்பது ஒரு கலைஞர் நாட்கணக்கில் இருந்து கையால் எழுதிய முதல் உருவம். தொழிற்சாலையிலோ மென்மையான பிளாஸ்டிக்கை எஃகு அச்சில் வார்த்து, வேண்டிய இடத்தில் மட்டும் துளையுள்ள உலோக மூடியைப் பொருத்தி வண்ணத்தைத் தெளிப்பர். கண், நகம் முதலிய நுண்பகுதிகளை அச்சுத்திண்டால் ஒற்றியோ விரைவாகக் கையால் தொட்டோ முடிப்பர். மூடி ஒரு நூலிழை நகர்ந்தால் போதும். ஈறு இருக்க வேண்டிய சிவப்பு பல்லின்மேல் ஏறிவிடும். பல்கட்டுபவர் கொதிப்பது இந்த இடத்தில்தான். “பல்லு என்ன பச்சரிசியா மக்கா, இப்படி வெள்ளையடிச்சு வச்சிருக்கான்!” என்பார். உண்மையான பல் வேர்ப்பக்கம் மஞ்சளும் பழுப்புமாய் மங்கியிருக்கும் என்று சொல்லி, தம் தொழிற்பொருள்களைக் கொண்டே அதைத் திருத்தியும் தருவார்.

திருத்தும் முறை எளிது. கரும்பழுப்பு வண்ணத்தை நீர்போல் கரைத்து உடலெங்கும் பூசித் துடைத்தால், செதில்களின் இடுக்குகளில் மட்டும் அது தங்கும். பின் தூரிகையை ஏறக்குறைய உலர்த்தி, இளநிறத்தால் மேடுகளை மட்டும் தடவினால் தோல் உயிர்பெறும். கண்ணைக் கடைசியில்தான் எழுதுவோம். நம் சிற்பிகளும் கண் திறப்பதை இறுதியில் அன்றோ வைத்துக்கொள்கின்றனர்!

ஆனால் எந்த நிறம்? பல ஆண்டுகள் வரை இவ்வினாவுக்கு விடையே இல்லை எனக் கருதினர். 2010இல் சீனத்துச் சைனோசாரோப்டெரிக்ஸ் என்னும் சிறு டைனோசரின் இறகிழைகளில் நிறமணிகளின் நுண்பைகள் கல்லாகி நிற்பதைக் கண்டனர். நீண்டவை கருநிறத்துக்கும் உருண்டவை செம்பழுப்புக்கும் உரியவை என்பது இக்காலப் பறவைகளால் தெரியும். ஆகவே அதன் வால் செம்பழுப்பும் வெண்மையும் மாறிமாறி வரும் வளையங்களுடையது என்று சொல்ல முடிந்தது. 2012இல் மைக்ரோராப்டர் காக்கைபோல் கருமினுக்கம் உடையது என்றும், 2016இல் சிட்டகோசாரஸ் முதுகு கருத்து வயிறு வெளுத்தது என்றும் அறிந்தோம். இவை விதிவிலக்குகள். மிகப் பெரும்பாலானவற்றின் நிறம் இன்னும் கலைஞனின் உரிமையே. எனினும் யானையளவு விலங்குக்கு மயில்நீலம் பூசிக் கொண்டுவந்தால் எங்கள் அவை சும்மா விடாது.

இவ்வூர் வெயிலும் ஈரமும் இப்பொம்மைகளுக்கு ஆகா. இருகாலில் நிற்பவை நாளடைவில் கணுக்காலில் வளைந்து, கள்ளுண்டார் போல் சாய்ந்து, ஒரு நள்ளிரவில் தொப்பென்று விழும். வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்திக் காலை நேராக்கி, உடனே குளிர்நீரில் இட்டால் நிமிரும். இதற்கு அஞ்சியே சில கம்பெனியார் பாதத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்குகின்றனர். நிற்பதற்காக மெய்யை விட்டுக்கொடுப்பதா என்று சேட்டன் கேட்பார்.

இத்தகைய சேட்டனோடுதான் சென்ற ஆண்டு எனக்கு ஒரு பெரும் பிணக்கு நேர்ந்தது.

என் தந்தையார் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பணிபுரிந்தவர். நத்தைபோல் சுருண்ட கல்லொன்றை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பத்தா அதைக் கழுவி ஊறுகாய்ச் சாடியின்மேல் பாரமாக வைத்துவிட்டார். அது அம்மோனைட்டு என்னும் கடலுயிர், எங்கள் வயல்கள் ஒருகாலத்தில் கடலடியில் கிடந்தன என்பது கல்லூரிக்கு வந்தபின் தெரிந்தது. அக்கடல் பின்வாங்கிய காலத்தில் ஆறுகள் கொட்டிய மணலும் களியுமே கல்லமேட்டுப் படிவுகள். அங்கே கண்டெடுத்த எலும்புகளைக் கொண்டு 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்னும் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அறிஞர் இருவர் பிருகத்காயோசாரஸ் மேட்லேயி என்னும் விலங்கை அறிவித்தனர். பேருடற் பல்லி என்பது பெயரின் பொருள். 1929இலேயே திருச்சிராப்பள்ளிப் பகுதி டைனோசர்களைப் பற்றி எழுதிய மேட்லி என்னும் ஆங்கிலேயரின் நினைவாகப் பின்பெயர் அமைந்தது.

கிடைத்தவை மிகச் சில: இடுப்பெலும்புகள், தொடையெலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, வாலின் ஒரு கணு. ஆனால் அக்கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர்! பெரியதென்று உலகம் புகழும் அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு 155 சென்டிமீட்டரே. முதலில் ஊனுண்ணி எனக் கொண்டனர். பின்னர் நெடுங்கழுத்துடைய தாவர உண்ணி எனத் தெளிந்தனர். 2023இல் வெளியான ஒரு கணக்கு அதன் எடையை 110 முதல் 170 டன் வரை என்கிறது. தரையில் நடந்தவற்றுள் இதனினும் பெரியதொன்று இருந்ததா என்பதே ஐயம்.

எலும்புகள் எங்கே எனக் கேட்பீர்கள். இல்லை. எளிதில் நொறுங்கும் தன்மையுடைய அவை சாந்துப் போர்வைக்குள்ளேயே பொடியத் தொடங்கின. இன்று அவை இல்லை என்பதை 2017இல் அச்சில் அறிவித்தனர். அதற்கு முன்பே, அவை எலும்பே அல்ல, கல்லாகிய மரத்துண்டு என்று ஐயுற்றோரும் உண்டு. அவர்களைக் குறைகூறவும் இயலாது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறதே! 2022இல் பால், அய்யாசாமி இருவரும் களத்தில் எடுத்த பழைய படங்களை வெளியிட்டு, அவை எலும்புகளே என்று நிறுவ முயன்றனர்.

இவ்விலங்குக்கு 40இல் 1 பங்கு அளவில் ஓர் உருவம் செய்ய வேண்டும் என்று நான் சொன்னேன். எங்கள் ஊர் மண்ணில் நடந்ததற்கு எங்கள் கையாலேயே ஓர் உடல். சேட்டன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். “எலும்பும் இல்லை, தலையும் இல்லை, கழுத்தும் இல்லை. உங்கள் கோவில் தூணில் யாளி இருக்கிறதல்லவா? இது அதுதான். செய், அழகாக இருக்கும். ஆனால் இந்த அலமாரியில் வைக்காதே.”

எனக்குச் சினம் மூண்டது. ராஜாசாரஸின் கையை ஒப்புக்கொள்ளும் நீங்கள் எங்கள் விலங்கை மட்டும் யாளி என்பதேன் என்று கேட்டேன். அதன் மற்ற எலும்புகளைப் பெட்டியைத் திறந்து மறுபடியும் அளக்கலாம் என்றார் அவர். இரண்டு ஞாயிறுகள் நான் அங்குச் செல்லவில்லை. மூன்றாம் வாரம் பல்கட்டுபவரே என் அறைக்கு வந்தார். 2013இல் அதே கல்லமேட்டுப் படிவுகளிலிருந்து கிடைத்த ஒரே ஒரு பல்லைக் கொண்டு, அது ட்ரூடோன்டிட் என்னும் இனத்தது என அறிவித்த செய்தியை எங்கோ படித்திருந்தார். “ஒத்தப் பல்லுல குடும்பத்தையே சொல்லிட்டானுவ. நீ ஒரு காலெலும்ப வச்சு எதையாவது சொல்லேன் மக்கா” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். சேட்டன் சொன்னதில் உண்மை இருந்தது. நான் செய்ய விரும்பியது அளவு தவறாத உருவம் அன்று. ஊர்ப்பெருமைக்கு ஒரு சிலை. ஐயனார் கோவில் மண்குதிரையை எவரும் அளவுகோல் கொண்டு பார்ப்பதில்லை, அது நேர்த்திக்கடன். நான் நேர்த்திக்கடனுக்கு விலங்கியல் என்று பெயரிட இருந்தேன்.

அருங்காட்சியகங்கள் பலவற்றில் கிடைத்த எலும்பையும் செய்து சேர்த்த எலும்பையும் வேறு வேறு நிறத்தால் காட்டுவர். அம்முறையை மேற்கொள்வது என்று இறுதியில் உடன்பட்டோம். உடல் முழுவதையும் உறவினங்களைப் பார்த்து வடிப்பது. ஆனால் வண்ணம் பூசுவது சான்றுள்ள இடத்தில் மட்டும். இடுப்பு, பின்காலின் ஒரு பகுதி, முன்கை, வாலில் ஒரு கணு ஆகியவை பழுப்பும் சாம்பலுமாய்த் தோல்நிறம் பெறும். மற்றவை வெறுங்களிமண்ணின் நிறத்தில் நிற்கும். படங்களில் மட்டும் காணும் எலும்பைக் கிடைத்த எலும்பாகக் கொள்ளலாமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. பாதி அழுத்தமாகப் பூசலாம் என்கிறார் பேருந்துக்காரர். அரைப்பூச்சு என்பது அரைப்பொய் என்கிறார் சேட்டன்.

உருவம் இப்போது சன்னல் ஓரத்தில் உலர்ந்துகொண்டிருக்கிறது. 2 மீட்டர்க் கீழ்க்கால் அதில் 5 சென்டிமீட்டர், ஏறக்குறைய என் சுண்டுவிரல் அளவு. கழுத்தின் முனையில் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. தலை எப்படி என்று வரும் ஞாயிறு பேச வேண்டும்.