மண் சரிந்தாலும் தேயிலை போய்ச் சேர

2014 அக்டோபர் 29 அன்று, இலங்கையின் ஊவா மாகாணத்தில், கொஸ்லந்தை அருகே மீரியபெத்த தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மண் மூடியது. ஊவாவின் தேயிலை லொறிகள் ஓடுவதும் இத்தகைய மலைச்சரிவுகளில்தான்.

மண்சரிவு ஏன்? அடைமழையில் மண்துகள்களுக்கிடையே நீர் நிரம்பி அழுத்த, அவற்றின் பிடி தளர்கிறது.

பாதை அடைபட்டால் முதலில் கெடுவது எது? பறித்த கொழுந்து. பறித்த பின்னும் அது சுவாசிக்கிறது. சாக்கில் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். ஏறத்தாழ 3 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்த்திய தேயிலைத் தூளோ வாரக்கணக்கில் தாங்கும்.

எப்படிச் சமாளிப்பது? தூளுக்குக் களஞ்சியம் போதும். கொழுந்துக்கு, மண்சரிவுக்குத் தோட்டம் இருக்கும் பக்கத்திலேயே இன்னொரு தொழிற்சாலையுடன் முன்கூட்டிய ஏற்பாடு வேண்டும். தூளைக் கொழும்புக்கு அனுப்பப் பதுளை ரயில், பெரகலை வழி லொறி என இரண்டும் தயாராக இருக்கட்டும். லயன்களுக்கு அரிசி, மாவு, மருந்து மழைக்கு முன்பே வந்துசேர வேண்டும். வடிகான்களைத் துப்புரவாக வைத்தால் பாதைக்கும் வீட்டுக்கும் ஆபத்து குறையும்.