அச்சமும் மரபணுவும்

தேர்வறையில் வினாத்தாளைப் பெறும்போதே ஒரு மாணவருக்கு உள்ளங்கை வியர்க்கிறது. அருகிலிருப்பவரோ அமைதியாக எழுதத் தொடங்குகிறார். ஒரே பாடம், ஒரே வினாத்தாள். மனநிலை மட்டும் ஏன் வேறுபடுகிறது? அவ்வேறுபாடு பிறப்பில் அமைந்ததா, சூழலில் விளைந்ததா? ஓர் இனத்தார் இயல்பிலேயே அஞ்சுபவர் எனக் கூற அறிவியல் இடந்தருகிறதா?

அச்சம் பிறக்குமிடம்

மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பின் வடிவில் அமைந்த சிறு பகுதி அமிக்டலா. ஆபத்தை உணர்த்துவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அதன் கிளர்ச்சியைத் தணிப்பதில் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதிகள் துணைபுரிகின்றன. இவற்றிடையேயான நரம்புத்தொடர்பு செம்மையாக இயங்கும்போது அச்சம் அளவோடு நிற்கிறது.

மரபணுவின் பங்கு

நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்று செரடோனின். பணி முடிந்ததும் அதனை மீண்டும் நரம்பணுவுக்குள் சேர்க்கும் புரதத்திற்கான மரபணு, 17ஆம் குரோமோசோமில் உள்ளது. அம்மரபணுவின் செயலை நெறிப்படுத்தும் பகுதி நீள்வடிவம், குறுவடிவம் என இருவகையாகக் காணப்படுகிறது.

1996ஆம் ஆண்டு லெஷ் குழுவினர் 505 பேரை ஆராய்ந்து, குறுவடிவம் உடையோரிடம் பதற்ற இயல்பு சற்று மிகுதி என்றனர். எனினும், பதற்றம்சார் இயல்புகளில் மனிதரிடையே காணப்படும் வேறுபாட்டில் அது விளக்கியது 3 முதல் 4 விழுக்காடு மட்டுமே. அச்சம் தோய்ந்த முகங்களைக் காணும்போது குறுவடிவம் உடையோரின் அமிக்டலா மிகுதியாகத் தூண்டப்படுவதை 2002இல் ஹரிரி குழுவினர் கண்டனர். அப்பகுதியை அடக்கும் நரம்புத்தொடர்பு அவர்களிடம் தளர்ந்திருப்பதாகப் பெசாவாஸ் குழுவினர் 2005இல் அறிவித்தனர்.

இனம் என்னும் வினா

இக்குறுவடிவம் ஐரோப்பிய வழியினரிடம் ஏறத்தாழ 40 விழுக்காடும், கிழக்காசியரிடம் 70 விழுக்காட்டிற்கு மேலும் காணப்படுகிறது. மரபணு ஒன்றே அச்சத்தை முடிவு செய்யுமாயின், கிழக்காசியாவில் பதற்றநோய் மிகுந்திருத்தல் வேண்டும். ஆனால், சீனாவிலும் ஜப்பானிலும் அந்நோய் அமெரிக்காவைவிடக் குறைவாகவே கணக்கெடுப்புகளில் பதிவாகியுள்ளது. நோயை வெளியே சொல்லத் தயங்குவதும் இதற்கு ஒரு காரணமாகலாம். குடும்ப, சமூகப் பிணைப்பும் காரணமாகலாம். எவ்வாறாயினும், ஒரு மரபணுவைக் கொண்டு ஓர் இனத்தின் மனத்தை அளந்துவிட இயலாது.

மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்குழுவினுள்ளேயே அமைந்திருப்பதை 1972இல் ரிச்சர்ட் லெவான்டின் எடுத்துக்காட்டினார். ஆகவே, இனப்பெயர் ஒருவரது மரபணுவைப்பற்றிச் சொல்வது சிறிதே. அவரது மனத்தைப்பற்றிச் சொல்வது அதனினும் சிறிது.

அறிவியல் திருத்திக்கொள்ளும்

பின்னர் நிகழ்ந்த பேராய்வுகள் தொடக்கக்கால முடிவுகள் பலவற்றை ஐயத்திற்கு உள்ளாக்கின. பதற்ற இயல்பைத் தீர்மானிப்பது ஒற்றை மரபணு அன்று. சிறுசிறு விளைவுடைய மிகப்பல மரபணுக்களும் வாழ்க்கைச் சூழலும் இணைந்தே அதனை உருவாக்குகின்றன என்பதே இன்றைய தெளிவு.

எனவே, பதற்றம் கோழைத்தனமும் அன்று. மாற்றவியலாத தலையெழுத்தும் அன்று. பயிற்சியாலும் மருத்துவத்தாலும் அதனைத் தணிக்க இயலும். உள்ளங்கை வியர்க்கும் நண்பருக்குத் தேவை ஏளனம் அன்று. நாம் நீட்டும் ஆதரவுக்கரமே.